மாமியார் மூக்கில் பதினொரு போல்ட்

மலை ஏறுவது என்று நான் முடிவு செய்ததற்கு ஒரே காரணம், என் மனைவி என்னை ஏற விட மாட்டாள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கைதான்.

இதை வெளியில் சொல்லக் கூடாது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் குடும்பஸ்தராக இருந்தால் புரிந்துகொள்வீர்கள். இல்லாவிட்டால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு உதவும்.

என் தொழில் ஜன்னலுக்குத் திரைக் கம்பி மாட்டுவது. சுவரில் துளை, துளைக்குள் பிளக், பிளக்குக்குள் ஸ்க்ரூ. பத்தொன்பது வருஷமாக நான் மாட்டிய கம்பி ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை. நான் விழுந்திருக்கிறேன். அதிலிருந்து ஏணியில் ஐந்தாவது படிக்கு மேல் ஏறுவதில்லை என்று ஒரு கொள்கை. உயரமான ஜன்னல் என்றால், “இதுக்கு வெளிச்சம்தாங்க அழகு” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

மனைவியின் தொழில் பல். பல் டாக்டர் இல்லை. டாக்டர்களுக்குப் பல் செய்து கொடுக்கிற லேபில் வேலை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார், இவள் அதற்குப் பொருத்தமாகப் பல் செய்வாள். இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு தலைமுடி நுழைகிற இடைவெளி இருந்தாலும் விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். இந்தத் திறமை வீட்டிலும் செல்லும். நான் சொல்கிற பொய்யில் எங்கே இடுக்கு என்று தடவாமலே கண்டுபிடிப்பாள்.

ஒருநாள் அவளுடைய லேபின் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வேறு ஊரில் புதிதாக ஒரு லேப் திறக்கிறார்கள். அதற்கு இவள்தான் பொறுப்பு. ஒரு வருஷம் அங்கே இருக்க வேண்டும். ரயிலில் ஒன்பது மணி நேரம். யோசித்துப் பதில் சொல்ல மூன்று மாதம் கெடு.

“என்னங்க, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள்.

“போ” என்று சொல்லியிருக்கலாம். “போகாதே” என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். பெருந்தன்மையாம். அடுத்த அறையில் கட்டிலில் உட்கார்ந்து அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குக் கடை இருக்கிறது. துணிக்கு இயந்திரம் இருக்கிறது. சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போது, “இன்னிக்கு எத்தனை ஜன்னல்?” என்று கேட்க எந்தக் கடையில் ஆள் கிடைக்கும்? பதினான்கு வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் வேலைக்கே போய்க்கொண்டிருக்கிறேன். இதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்த வேலைமேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்பதும் தெரியும். கடிதத்தை நாலு தடவை படித்தாள். எங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவள் ஒரு தடவைதான் படித்தாள்.

ஆகவே, அவளாகவே “நான் போகல” என்று சொல்ல வேண்டும். அதற்கு என்ன வழி? புருஷன் ஆபத்தில் இருக்க வேண்டும். “இந்த மனுஷனைத் தனியா விட்டுட்டுப் போனா உசிரோட இருக்க மாட்டார்” என்று அவள் பயப்பட வேண்டும். வியாதி சரிப்படாது, டாக்டர் காட்டிக் கொடுத்துவிடுவார். மூன்று நாள் யோசித்து மலையைக் கண்டுபிடித்தேன்.

காலையில் காபி குடிக்கும்போது அறிவித்தேன்.

“நான் மலை ஏறப் போறேன்.”

“எந்த மலை?”

அதை யோசிக்கவில்லை. “ஏதோ ஒண்ணு. பாறை. இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு ஏறுவாங்கல்ல, அது.”

“நீங்க?”

“நான்தான்.”

“போன வாரம் பரண்ல இருந்து பெட்டியை எடுக்க ஸ்டூல் மேல ஏறிட்டு, இறக்கி விடுடின்னு கூப்பிட்டீங்க.”

“மனுஷன் மாறக் கூடாதா?”

“தாராளமா மாறலாம்.”

“ரொம்ப ஆபத்து. கால் வழுக்கினா அவ்வளவுதான். போன ஆளு திரும்பி வரலன்னாலும் வரல.”

அழுகைக்காகக் காத்திருந்தேன். கையில் கரண்டியோடு இரண்டு நிமிஷம் என்னையே பார்த்தாள். கண் கலங்கப்போகிறது என்று நினைத்தேன்.

“கயித்தோட இன்னொரு முனையை யார் புடிப்பா?” என்றாள்.

“என்னது?”

“ஒருத்தர் ஏறினா ஒருத்தர் கீழ புடிக்கணும்ல. வேற யாரையும் நம்பி உங்களை விட முடியாது. நானும் வர்றேன்.”

போட்ட முதல் ஸ்க்ரூவே வளைந்துவிட்டது. ஆனாலும் நான் தளரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னும் நன்றாகப் பயப்படுவாள் என்று கணக்குப் போட்டேன்.

பயிற்சிக்கூடம் ஒரு பழைய கிடங்கு. சுவர் முழுக்கக் கலர் கலராகப் பிடிகள். சொல்லிக் கொடுக்கிறவரை எல்லோரும் கயிறு மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர். சிரிக்கவே மாட்டார். சுவரில் பதித்திருந்த போல்ட்டுகளை நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, “பத்து எம்எம். நல்ல வேலை. யார் அடிச்சது?” என்று கேட்டேன். அவர் முகத்தில் லேசாக மரியாதை தெரிந்தது. அந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

கிடங்கின் மூலையில் ஒரு நிஜப் பாறைத் துண்டு, நடுவில் வெடிப்போடு கிடந்தது. மாஸ்டர் ஒரு வளையத்தில் கோத்த இரும்புத் துண்டுகளை எடுத்தார். சாவிக்கொத்து மாதிரி இருந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து, ஆப்பு போல.

“வெடிப்பு எங்க அகலமா இருக்கோ அங்க நுழைச்சு, எங்க குறுகுதோ அங்க கீழ இழுக்கணும். எவ்வளவு எடை இழுக்குதோ அவ்வளவு இறுகும்” என்றார்.

“துளை போட வேண்டாமா?” என்றேன்.

“வேண்டாம் சார்.”

“அப்போ நிக்காது சார்.”

இதற்குள் என் மனைவி கொத்தை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, வெடிப்புக்குள் விரலை விட்டு மெல்ல மேலும் கீழும் தடவினாள். பிறகு கொத்திலிருந்து நாலாவதைப் பிரித்து உள்ளே வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். மாஸ்டர் அதைப் பிடித்துத் தொங்கினார். காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினார். ஆப்பு அசையவில்லை.

“மேடம் முன்னாடியே பழகியிருக்கீங்களா?”

“இல்லைங்க. கடைவாய்ப் பல்லு மாதிரி இருக்கு” என்றாள் அவள்.

ஆப்பு வைப்பதில் அவள் கைதேர்ந்தவள் என்று எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். பாறையிலும் வைப்பாள் என்பதுதான் புதுச் செய்தி.

வாரா வாரம் போனோம். சின்னப் பாறைகளில் பழகினோம். நான் சாண் ஏறினால் முழம் சறுக்கினேன். அவள் ஏறினாள். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். கழுத்து வலிக்கும். வீட்டுக்கு வந்ததும், “பயமா இல்லை?” என்று கேட்பேன். “எனக்கென்ன பயம், நீங்கதானே புடிச்சிருக்கீங்க” என்பாள். கடிதத்துக்கு என்ன பதில் எழுதினாள் என்று கேட்கத் துணிவு வராது. அவளாக, “அந்த வேலை விஷயம்...” என்று ஆரம்பித்தால், “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அந்தக் கட்டிலும் எத்தனை தடவைதான் என்னைத் தாங்கும்?

கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். பெரிய பாறை. நிஜமான பாறை. நான் முன்னால் ஏறுவேன். இரண்டாவது போல்ட் வரை போய், “ஐயோ” என்று அலறி, கயிற்றில் தொங்கி, வெளிறிப்போய் இறங்குவேன். அவள் பதறுவாள். திங்கட்கிழமை அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.

பயிற்சிக்கூடத்துச் சுவரில் ஒரு பெரிய பாறையின் படம் இருந்தது. நெற்றி மாதிரி ஒரு பரப்பு, அதன் கீழே துருத்திக்கொண்டு ஒரு நீண்ட முகடு. அதன்மேல் வரிசையாகப் பளபளவென்று புள்ளிகள். எண்ணினேன். பதினொரு போல்ட். கீழ்ப் பாதியில் புள்ளி இல்லை, நிழலாக இருந்தது. மேலே பதினொன்று அடித்தவன் கீழே அடிக்காமலா போயிருப்பான்? இருட்டில் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். கம்பி மாட்டுகிறவன் புத்தி அப்படித்தான் போகும்.

“இதுல ஏறலாம்” என்றேன்.

“கலப்பு வழி சார் அது” என்றார் மாஸ்டர்.

நான் கணவன் மனைவி கலந்து ஏறலாம் என்கிறார் என்று நினைத்து, “ரொம்ப நல்லது” என்றேன்.

“பேரு என்னங்க அந்த வழிக்கு?” என்று மனைவி கேட்டாள்.

“மாமியார் மூக்கு.”

“உங்கம்மா மூக்கா, எங்கம்மா மூக்கா?” என்று என்னைக் கேட்டாள். மாஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் பாறையின் அடியில் நின்றோம். படத்தில் பார்த்தது ஒரு சாண். நேரில் அண்ணாந்து பார்த்தேன். இன்னும் அண்ணாந்தேன். ஹெல்மெட் பின்னால் கழன்று விழுந்தது. இன்னும் பாறை முடியவில்லை. உச்சியில் மட்டும் வெயில் பட்டுப் பொன்னாக இருந்தது, நாங்கள் நின்ற இடம் குளிர்ந்து நீலமாக இருந்தது. இத்தனை பெரிய சுவர், எவனும் பூசாமல், எவனும் தூக்கி நிறுத்தாமல், தானாக நிற்கிறது. நான் வாழ்க்கையில் எத்தனையோ சுவர் பார்த்திருக்கிறேன். எந்தச் சுவரின் முன்னாலும் செருப்பைக் கழற்றத் தோன்றியதில்லை. அன்று தோன்றியது.

பிறகு தொழில் புத்தி வந்தது.

“போல்ட் எங்க?”

“எந்த போல்ட் சார்?”

“படத்துல பதினொண்ணு இருந்ததே.”

“இருக்கே. மேல் பாதியில. அங்க பாறை வழுவழுன்னு இருக்கும், ஆப்பு வைக்க இடமே கிடையாது, அதான் போல்ட். கீழ எண்பது அடிக்கு வெடிப்பு இருக்கு. அதுல நாமதான் வெச்சுக்கிட்டே போகணும். கலப்பு வழின்னு நேத்தே சொன்னேனே.”

“அப்போ எண்பது அடிக்கு ஒரு துளைகூடக் கிடையாதா?”

“ஒண்ணுகூடக் கிடையாது சார்.”

என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆட ஆரம்பித்தன. நடிப்பதற்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்த நடுக்கம் அது. கூப்பிடாமலே வந்துவிட்டது.

“நான் போறேன்” என்றாள் மனைவி.

“நீயா?”

“மேடம் ஏழு தடவை முதல் ஆளா ஏறியிருக்காங்க” என்றார் மாஸ்டர். “சார் ஒரு தடவை. அதுலயும் பாதி.”

மாஸ்டர் பக்கத்தில் தனிக் கயிறு ஒன்றில் கூடவே ஏறி, அவள் வைப்பதை எல்லாம் சரிபார்ப்பதாக ஏற்பாடு. அவள் இடுப்பில் ஆப்புக் கொத்து கிலுகிலுத்தது. கயிற்றின் ஒரு முனை அவளிடம். மறு முனை என்னிடம். முன்னால் ஏறுகிறவருக்கு மேலேயிருந்து கயிறு கிடையாது, கயிற்றைத் தானே கொண்டுபோக வேண்டும். தவறினால், கடைசியாக வைத்த ஆப்பு எங்கேயோ அங்கே வரை விழுந்து, அதற்கும் கீழே அதே தூரம் விழுந்துதான் நிற்க முடியும். இந்தக் கணக்கு எனக்குக் கிடங்கில் புரியவில்லை. அவள் பத்தடி ஏறியதும் புரிந்துவிட்டது.

கல்லானாலும் கணவன் என்பார்கள். அன்று கல்லும் கணவனும் ஒரே சமயத்தில் அவளுக்குக் கிடைத்தோம். அவள் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெடிப்புக்குள் கையை நுழைத்து, உள்ளே விரலை மடக்கி, அந்தக் கையிலேயே தொங்கினாள். கால் நுனியைத் திருகி இடுக்கில் வைத்தாள். இன்னொரு கையால் தடவினாள். அதே கண் மூடல், அதே பொறுமை. லேபில் அவள் வேலை செய்வதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பதினான்கு வருஷமாகக் காலையில் டப்பாவை எடுத்துக்கொண்டு போவாள், மாலையில் வருவாள். அங்கே போய் இவள் இப்படித்தான் இருந்திருக்கிறாளா? ஒரு ஆப்பைப் பிரித்தாள், வைத்துப் பார்த்தாள், வேண்டாமென்று எடுத்தாள், அடுத்ததை வைத்தாள். ஒரு இழுப்பு. கொக்கியை மாட்டிக் கயிற்றை அதில் போட்டாள். ‘டிக்’ என்று சத்தம் கீழே வரை கேட்டது. மாஸ்டர் பக்கத்திலிருந்து ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

இருபதடி. முப்பதடி. அவளைப் பயமுறுத்த மலைக்கு அழைத்து வந்தவன் நான். பயந்து நின்றவனும் நான்தான். அதே சமயம் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. இமைத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று இமைக்காமல் நின்றேன். இத்தனை அழகாக ஒருவர் ஒரு வேலையைச் செய்து நான் பார்த்ததே இல்லை. என் பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

“என்னங்க!” மேலேயிருந்து குரல்.

“என்னாச்சு? வழுக்குதா? இறங்கிடு!”

“கயித்தை விடுங்க.”

“விடறதா? விட்டா விழுந்துடுவே!”

“முழுசா விடச் சொல்லல. கொஞ்சம் தளர்வா விடுங்க. நீங்க இழுத்துப் புடிச்சா நான் எப்படி மேல போறது?”

பார்த்தேன். இரண்டு கையாலும் கயிற்றை உடும்புப் பிடியாகப் பிடித்து, என்னை அறியாமல் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

“சார், நீங்க புடிக்கிற புடியில மேடம் உங்ககிட்டதான் வருவாங்க, உச்சிக்குப் போக மாட்டாங்க” என்றார் மாஸ்டர்.

எனக்கு முகம் சுட்டது. மூன்று மாதமாக நான் வீட்டில் செய்துகொண்டிருப்பதை இந்த மனிதர் பாறையில் தொங்கிக்கொண்டே சொல்லிவிட்டார். ஒரு முழம் விட்டேன். அவள் ஒரு முழம் ஏறினாள். இன்னொரு முழம் விட்டேன். விட விட அவள் ஏறினாள்.

எண்பது அடியில் ஒரு திட்டு. அங்கே தன்னைக் கட்டிக்கொண்டு, “வாங்க” என்று கூப்பிட்டாள். இரண்டாவதாக ஏறுகிறவருக்கு மேலேயிருந்து கயிறு உண்டு, விழ முடியாது. ஆனால் அவருக்கு ஒரு வேலை உண்டு. முன்னால் போனவர் வைத்த ஆப்பையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும்.

முதல் ஆப்பு வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை. இழுத்தேன். இறுகியது. தொங்கி இழுத்தேன். இன்னும் இறுகியது. ஆப்பசைத்த குரங்கு கதையைச் சின்ன வயதில் படித்து அந்தக் குரங்கைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். குரங்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிற முறை.

“வர மாட்டேங்குது!”

“கீழ இழுக்காதீங்க. வெச்ச வழியிலயே மேல தள்ளுங்க.”

மேலே தள்ளினேன். ஒரு பூவைக் கிள்ளியது போல் கையோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் அளவு இரும்பு. துளை இல்லை, பிளக் இல்லை, ஸ்க்ரூ இல்லை. என் எண்பத்திரண்டு கிலோவைத் தாங்கிய கையோடு, எடுக்கவும் இப்படி வருகிறது. வைத்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நான் மாட்டிய கம்பியைக் கழற்றினால் சுவரில் ஆயுசுக்கும் நாலு ஓட்டை இருக்கும்.

ஒருவழியாகத் திட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே இரண்டு போல்ட் இருந்தன. சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி கட்டிக்கொண்டேன்.

“இனிமே உங்க ராஜ்ஜியம்தான். நீங்க முன்னால போறீங்களா?” என்று கேட்டாள்.

எட்டிப் பார்த்தேன். வழுவழுப்பாகச் சாய்ந்து மேலே போகிற பாறை. போல்ட் இருக்கிறது, எட்டடிக்கு ஒன்று. நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. மூன்றடிக்கு ஒரு தாங்கி இல்லாமல் நான் துணியைக்கூடத் தொங்க விட மாட்டேன்.

“நீயே போ” என்றேன்.

அவள் எழுந்து அந்த வழுக்கலில் பாதத்தின் உராய்வை மட்டும் நம்பி நிமிர்ந்து நடந்தாள். கையில் எதையும் பிடிக்கவில்லை. பாறைமேல் உள்ளங்கையை வைத்திருந்தாள், அவ்வளவுதான். ஒவ்வொரு போல்ட்டிலும் கயிற்றை மாட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே அவள் கால் ஒரு விரற்கடை வழுக்கியது. நின்றாள். மூச்சு வாங்கினாள். எனக்குக் கத்தத் தோன்றியது. கத்தவில்லை. கயிற்றைத் தளர்வாகவே வைத்திருந்தேன். நான் செய்த வீரச் செயல் என்று வாழ்க்கையில் ஒன்று உண்டென்றால் அதுதான். அவள் பாதத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்துப் போய்விட்டாள்.

பிறகு நானும் போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். நாலு காலிலும் போனேன்.

உச்சி ஒரு சாப்பாட்டு மேசை அகலம். கீழே மரங்கள், சாலை, சாலையில் பேனா மூடி அளவு ஒரு பஸ். ஒரு பருந்து எங்களுக்குக் கீழே பறந்தது. அதன் முதுகை நான் அன்றுதான் பார்த்தேன். பழுப்பாக, வெயில் பட்டு மினுங்கியது. காற்று காதுக்குள் பேசியது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, முகமெல்லாம் பிடி வழுக்காமல் இருக்கக் கையில் தேய்த்த சுண்ணாம்புத் தூள், முழங்கையில் சிராய்ப்பு. சிரித்துக்கொண்டிருந்தாள். யாரைப் பார்த்தும் இல்லை, சும்மா சிரித்தாள். இந்த மனுஷியோடா நான் இத்தனை வருஷம் காபிக்குச் சர்க்கரை போதுமா போதாதா என்று சண்டை போட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

மாஸ்டர் இறங்குவதற்குக் கயிறு மாட்ட அந்தப் பக்கம் போனார்.

“நீ போயிட்டு வா” என்றேன்.

“எங்க?”

“அந்த லேபுக்கு. ஒரு வருஷம்தானே. நான் சமாளிச்சுக்கறேன். சமாளிக்க மாட்டேன்தான், ஆனாலும் நீ போ.”

அத்தனையும் சொன்னேன். மலை ஏறுவதாகச் சொன்னது எதற்கு, இரண்டாவது போல்ட்டில் அலறத் திட்டமிட்டது எதற்கு, சாயங்காலம் கதவைத் திறந்தால் யார் கேட்பார்கள் என்று நான் பயந்தது, எல்லாம். அவள் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். சுண்ணாம்பு இன்னும் ஈஷிக்கொண்டது.

“இதைச் சொல்றதுக்கு நூத்தி எழுபது அடி ஏறணுமா?”

“வீட்டுல வாய் வரல.”

“வீட்டுல அடுத்த ரூம் இருக்கு. இங்க இல்ல. அதான் வந்துடுச்சு.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன். போன்னு சொன்னா சந்தோஷமா போயிருப்பேன். உன் இஷ்டம்னு சொல்ற ஆளை என்னங்க பண்றது? விட்டுட்டுப் போறதா, கூட்டிக்கிட்டுப் போறதா?”

“இப்போ சொல்லிட்டேன்ல. எப்போ கிளம்பறே?”

“அடுத்த மாசம் கிளம்பறோம்.”

“கிளம்பறோமா?” எனக்கு மனசு பருந்தைவிட மேலே போனது. “நானுமா? எனக்கு அங்க என்ன வேலை?”

“அது ஒரு பழைய மில் கட்டடம். நாப்பது ஜன்னல். ஒவ்வொண்ணும் இருபத்தஞ்சு அடி உசரம். வெயில் பட்டா நாங்க பல்லு செய்யற மெழுகெல்லாம் இளகிடும், கட்டாயம் திரை போடணும். ஏணி எட்டாது, கயித்துல தொங்கி மாட்டுற ஆளு கிடைக்கலன்னு அலைஞ்சுக்கிட்டிருந்தாங்க.”

பருந்து உயரத்திலிருந்த மனசு இறங்க ஆரம்பித்தது.

“நீ என்ன சொன்னே?”

“எங்க வீட்டுக்காரர் இருக்கார், பாறை ஏறப் பழகறார், மூணு மாசத்துல தயாராயிடுவார்னு சொன்னேன்.”

“எப்போ சொன்னே?”

“நீங்க காபி குடிச்சுக்கிட்டே மலை ஏறப் போறேன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்குப் பத்து மணிக்கு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா ரெண்டாவது வாரமே காலைச் சுளுக்கிக்கிட்டு உக்காந்திருப்பீங்க.”

மறுத்துப் பேச ஒரு இடுக்குகூட இல்லை. தேடிப் பார்த்தேன். நாற்பதை இருபத்தைந்தால் பெருக்கினேன். ஆயிரம் அடி. கயிற்றில்.

“சரி, அங்க கயித்தை யார் புடிப்பா?” என்றேன், கடைசி நம்பிக்கையாக.

“நான்தான். வேற யாரை நம்பி உங்களை விடுவேன்?” என்றாள், அத்தனை அன்பாக. “ஆனா எனக்குச் சாப்பாட்டு நேரம் ஒரு மணியிலேர்ந்து ரெண்டு வரைக்கும்தான். அதுக்குள்ள முடியலன்னா அப்படியே தொங்கிக்கிட்டு இருங்க, அஞ்சரைக்கு வந்து இறக்கி விடறேன்.”